பழைய பட்டமும் புதிய வார்டும்

வேறொரு துறையில் பட்டம் பெற்றவர் தாதிமைக்கு வருவது புதிய வழக்கம் அன்று. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத் தாதிமைப் பள்ளி, பட்டதாரிகளுக்கு மட்டுமே இடம் என்று 1934இலேயே விதித்தது. செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் 1971இல் அவர்களுக்கென்றே சுருக்கிய தாதிமைப் படிப்பைத் தொடங்கியது. சிங்கப்பூரிலோ பள்ளி முடித்தவர் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகத் தாதிமைப் பட்டத்துக்குச் சேரவே 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இத்தனைக்கும், 1885 ஆகஸ்ட் 1இல் பிரெஞ்சுக் கன்னியாஸ்திரீகள் பொது மருத்துவமனையில் பணி தொடங்கியதைத் தாதியர் தினமாக நினைவுகூரும் ஊர் இது.

ஜாலான் புசாரில் குடியிருக்கும் கணக்காளர் ஒருவருக்கு இன்று வழி உண்டு. தேக்காவுக்கு அப்பால் கேகே மகளிர், சிறார் மருத்துவமனை. வடக்கே சற்றுத் தொலைவில் டான் டோக் செங். வாழ்க்கைத்தொழில் மாற்றுத் திட்டத்தில் முதலில் ஒரு மருத்துவமனை அவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு அங் மோ கியோவில் உள்ள நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியில், வழக்கமாக 3 ஆண்டு பிடிக்கும் பட்டயப் படிப்பை 2 ஆண்டில் முடிக்கலாம். படிக்கும்போது மாதந்தோறும் படித்தொகை கிடைக்கும். முடித்ததும் குறிப்பிட்ட காலம் பணியாற்றும் கடப்பாடு உண்டு.

பழைய பட்டம் மிச்சப்படுத்தித் தருவது அந்த ஓராண்டைத்தான். வார்டில் அது செல்லாது. நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பது, மலச்சட்டி வைப்பது, மருந்தின் அளவைக் கணக்கிட்டபின் இன்னொருவரிடம் சரிபார்ப்பது எல்லாமே 18 வயதுக்காரருக்கு எவ்வளவு புதிதோ 35 வயதுக்காரருக்கும் அவ்வளவு புதிது. சொல்லிக்கொடுப்பவர் பத்து வயது இளையவராகவும் இருக்கலாம். நேற்றுவரை கூட்டங்களை நடத்தியவரை இன்று ஒருவர் நிறுத்தி, கை கழுவியது சரியில்லை என்கிறார். இரவு ஷிப்டின் களைப்பு தூங்கி எழுந்தால் போகும். இந்தத் தலைகுனிவு அவ்வளவு எளிதில் போகாது. வீட்டில் வேறு, “டிகிரி படிச்சது இதுக்கா?” என்ற கேள்வி. தாதி என்றால் டாக்டருக்கு எடுபிடி என்ற எண்ணம் தமிழ்க் குடும்பங்களை விட்டு இன்னும் முழுதாக அகலவில்லை.

ஆனால் முன்பு பார்த்த வேலை சொல்லாமல் கொள்ளாமல் கூட வருகிறது. நோயாளி குடித்த நீரும் வெளியேறிய சிறுநீரும் பதிவாகும் தாளில் ஓர் எண் பொருந்தாவிட்டால் கணக்காளரின் கண் அங்கேயே நிற்கும். அதுவும் ஒரு வரவுசெலவுக் கணக்குதானே! விமானத்தில் பணிபுரிந்தவருக்கு, கோபத்தோடு வரும் உறவினரிடம் குரல் உயர்த்தாமல் பேச யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆசிரியராக இருந்தவர், நீரிழிவு நோயாளிக்கு இன்சுலின் போடும் முறையை இரண்டாம் தடவையும் அலுக்காமல் விளக்குவார். இவற்றுக்கு மதிப்பெண் இல்லை, பாடவிலக்கும் இல்லை.

தாதியர் வாரியத்தில் பதிவு பெற்ற பிறகும் அவர் வார்டில் இளையவர்தான். பெண்ணாக இருந்தால், முதிய நோயாளிகள் மற்றவர்களைக் கூப்பிடுவதுபோல அவரையும் “மிஸ்ஸி” என்றே கூப்பிடுவார்கள்.