எல்லை என்பது ஒரு வேலை

‘நான்’ எங்கே முடிந்து ‘பிறர்’ எங்கே தொடங்குகிறார் என்ற பழைய கேள்விக்கு இருபதாம் நூற்றாண்டு நோயெதிர்ப்பியல் கறாரான ஒரு விடை வைத்திருந்தது: உடல் தன்னுடையதைப் பொறுத்துக்கொள்ளும், அந்நியத்தைத் தாக்கும். இதைச் சொன்ன மக்ஃபர்லேன் பர்னெட், பீட்டர் மெடவாருடன் 1960இல் நோபல் பரிசு பெற்றார். குடலுக்குள் இந்த விடை தடுமாறுகிறது. அங்கே கோடானுகோடி பாக்டீரியாக்களுக்கும் நம் திசுக்களுக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு செல் தடிமனுள்ள படலம். அதன் பெரும்பாலான செல்கள் மூன்று முதல் ஐந்து நாட்களில் உதிர்ந்துவிடும். படலத்திலுள்ள நுண்ணிய குழிகளின் அடியில் இருக்கும் தண்டுச் செல்கள் புதியவற்றை அனுப்பிக்கொண்டே இருக்கும். படலம் புண்ணானால் அந்தத் தண்டுச் செல்களைப் பெருகத் தூண்டுவதில், நாம் காவலர் என்று பெயரிட்ட நோயெதிர்ப்புச் செல்களுக்கே பங்குண்டு. அவற்றில் ஒருவகை இன்டர்லூகின்-22 என்ற புரதத்தைச் சுரந்து இதைச் செய்கிறது. அங்குள்ள மேக்ரோபேஜ் என்னும் விழுங்கும் செல்களோ நுழைந்த பாக்டீரியாவை விழுங்கிவிட்டு, ஊரைக் கூட்டாமல் இருந்துவிடுகின்றன. ஆகவே எல்லை முதலில் இருந்து, அதற்குப் பிறகு காவல் வந்தது என்பது பொருந்தாது. பேணும் வேலை நடக்கும்வரைதான் எல்லையே இருக்கிறது.

அப்படியானால் மாற்றுத்தோலை உடல் ஏன் நிராகரிக்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, அந்த நிராகரிப்பைக் காட்டிய மெடவாரின் சோதனைகளை யாரும் துடைத்துவிட முடியாது. ஆனால் இன்னொரு சான்றையும் பக்கத்தில் வைக்க வேண்டும். இன்டர்லூகின்-10 என்ற அடக்கும் சமிக்ஞையை ஏற்கும் புரதத்தின் மரபணு பழுதாகிப் பிறக்கும் குழந்தைகளுக்கு, முதல் சில மாதங்களிலேயே குடல் கடுமையாக வீங்கிப் புண்ணாகிறது. சொந்தச் செல்களே சொந்தக் குடலைச் சிதைக்கின்றன. அத்தகைய குழந்தைக்கு வேறொருவரின் இரத்தத் தண்டுச் செல்களைச் செலுத்தியதும் நோய் தணிந்ததை 2009இல் மருத்துவர்கள் பதிவு செய்தனர். திசுப் பொருத்தம் பார்க்காமல் இது நடக்காது. வேற்றுமைக்கு மதிப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் அக்குழந்தையின் எல்லையைக் காப்பாற்றியவை பிறருடைய செல்கள்!

இதெல்லாம் உடலைப் பற்றிய பேச்சுதானே, உடல் வெறும் கருவி, ஆன்மா வேறு என்பார் சைவ சித்தாந்தி. செல்களைக் காட்டி அவரை மறுக்க முடியாது, அது என் நோக்கமும் அல்ல. தூய்மை, தீட்டு என்று உடலின் எல்லையை உவமை காட்டி மனிதரை விலக்குபவர்களுக்குத்தான் இந்தச் சான்று இடைஞ்சல். எல்லாம் கணந்தோறும் அழிவது என்னும் பௌத்தர் இதைக் கேட்டு மகிழலாம்; அவரும் அவசரப்பட வேண்டாம். செல்கள் போனாலும் குழியின் வடிவம் அப்படியே நிற்கிறது, அதை நிறுத்துவதற்கு உழைப்பும் நடக்கிறது.