வீட்டலங்காரமும் ஏழாம் சீலமும்

வைசாகப் பௌர்ணமியன்று அஷ்டசீலம் ஏற்கும் உபாசகர், ஏழாம் சீலத்தில் ஆடல் பாடலோடு மாலை, வாசனைப் பூச்சு, அணிகலன்களையும் விலக்குகிறார். அன்றே அவர் வீட்டு வாயிலில் மூங்கிற் சிம்பில் வர்ணக் காகிதம் ஒட்டிய விளக்குக்கூடு தொங்குகிறது. 1885இல் கொழும்பில் முதன்முதல் ஏற்றப்பட்ட பௌத்தக் கொடி பறக்கிறது. இது முரண் அன்றோ என்று மாரிக்குப்பத்து இளைஞர் சிலர் நம்மை வினவுகின்றனர்.

சீலம் விலக்குவது உடலை மினுக்கும் செருக்கை. பகவன் திருமுன் வைக்கும் மலரோ, மாலைக்குள் வாடி, நம் உடலும் இவ்வாறே என உணர்த்துவது. பரிநிர்வாண வேளையில் சால மரங்கள் பருவமின்றிப் பூச்சொரிந்தபோதும், தன்மத்தின்படி நடப்போரே தம்மை மெய்யாகப் போற்றுவோர் என்றார் பகவன். அயலாரை மிஞ்சவேண்டிக் கடன்பட்டுத் தொங்கவிடும் மின்விளக்குச் சரமோ வீட்டுக்குப் பூட்டிய அணிகலனே. அங்கே சீலம் உடைந்தது என்போம்.

இப்போது பிளாஸ்டிக் மலரும் வந்துவிட்டது. 2001இல் தங்கச் சுரங்கம் மூடப்பட்டபின், விடியுமுன் இரயிலேறிப் பெங்களூர் சென்று இரவில் திரும்பும் தாய்மார்க்குப் பூத்தொடுக்க நேரமேது? அவர்களை நாம் குறைகூறோம். ஆயினும் வாடாத மலர் எதைப் போதிக்கும்? தூசி படிந்தால் கழுவி மீண்டும் வைக்கலாம், அவ்வளவே. (பாறை இடிக்கும் ஆலையில் உழைத்த நமக்குத் தூசியின் குணம் தெரியும்.) வேலியோரத்து நந்தியாவட்டை ஒன்று போதும். மறுநாள் அதைப் பிள்ளைகள் கையாலேயே எடுக்கச் செய்யுங்கள். நிறம் மாறியிருப்பதை அவர்களே சொல்வார்கள்.