தும்பியைக் கேட்டவர்கள்

ஆஸ்கர் மேடையில் விழுந்த அந்த அறையைப் பற்றிப் பலரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். 2022 மார்ச் 27 இரவு, லாஸ் ஏஞ்சல்ஸின் டால்பி அரங்கில், நகைச்சுவைக் கலைஞர் கிறிஸ் ராக், நடிகை ஜேடா பிங்கெட் ஸ்மித்தின் மொட்டைத் தலையை 'ஜி.ஐ. ஜேன்' படத்தோடு சேர்த்துக் கேலி செய்தார். கணவர் வில் ஸ்மித் மேடையேறி அவரை அறைந்தார். என் மனதை விட்டு இறங்காமல் இருப்பது அதற்குச் சில நொடிகளுக்கு முந்தைய ஒரு காட்சி. கேலி காதில் விழுந்ததும் ஜேடாவின் கண்கள் ஒருமுறை சுழன்று முகம் இறுகிப் போகிறது. பக்கத்தில் கணவர் அந்த நொடியில் சிரித்துக்கொண்டிருக்கிறார். அதற்குப் பிறகு வாரக்கணக்கில் உலகம் பேசியது இரண்டு ஆண்களைப் பற்றி: அடித்தது சரியா, கேலிக்கு எல்லை உண்டா, அகாதமி விதித்த பத்தாண்டுத் தடை போதுமா. அந்தக் கண்கள் என்ன சொல்லின என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. எரிச்சலா, வலியா, இங்கேயும் இது விடவில்லையே என்ற அலுப்பா? எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் எனக்குப் பிடிபடவில்லை.

அவருக்கு வந்திருப்பது அலோபீசியா. நம் ஊரில் புழுவெட்டு என்று சொல்லும் திட்டுத்திட்டான முடி உதிர்வும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். புழுவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. உடலின் நோய் எதிர்ப்பு அணுக்களே முடியின் வேரைப் பகையென்று நினைத்துத் தாக்குவதால் வருவது அது. குளிக்கும்போது கைநிறைய முடி கழன்று வந்ததையும் அன்று பயத்தில் நடுங்கியதையும் ஜேடா 2018இல் தன் நிகழ்ச்சியில் வெளிப்படையாகச் சொன்னார். 2021இல் தலையை முழுவதும் மழித்துக்கொண்டார். கேலி செய்தவரோ கூந்தலைப் பற்றித் தெரியாதவர் என்று தள்ளிவிட முடியாதவர். கறுப்பினப் பெண்கள் தங்கள் முடியோடு படும் பாட்டைப் பற்றி 2009இல் 'குட் ஹேர்' என்ற ஆவணப்படத்தை எடுத்தவர் அதே கிறிஸ் ராக்தான். அவருடைய சின்ன மகள் தன் முடியைப் பற்றிக் கேட்ட ஒரு கேள்விதான் அந்தப் படத்துக்கு விதை. இந்தியா வரை வந்து, கோயிலில் காணிக்கையாகக் கொடுக்கப்படும் முடி அமெரிக்கப் பெண்களின் தலைக்குப் போய்ச் சேரும் வழியையும் அதில் காட்டினார். இவ்வளவு அறிந்த ஒருவரிடமிருந்து அந்த வார்த்தை வந்தது என்றால், தகவல் மட்டும் போதாது என்று தெரிகிறது. முடி யாருடையதோ அவரிடம் கேட்கும் பழக்கம் வேறு விஷயம்.

அந்தப் பழக்கம் நம்மிடமும் இருந்ததாகத் தெரியவில்லை. மதுரைக் கதை எல்லோருக்கும் தெரியும். அரசியின் கூந்தலில் வரும் மணம் இயற்கையா செயற்கையா என்று செண்பகப் பாண்டியனுக்குச் சந்தேகம். தீர்ப்பவருக்குப் பொற்கிழி என்று அறிவிக்கிறான். தருமிக்கு இறைவனே பாட்டு எழுதித் தருகிறான், நக்கீரர் குற்றம் காண்கிறார், இறைவனே அவைக்கு வந்து வாதிடுகிறான், நெற்றிக்கண் திறக்கிறது. 1965இல் வந்த 'திருவிளையாடல்' படத்தில் நாகேஷும் சிவாஜியும் ஏ.பி. நாகராஜனும் அந்தக் காட்சிகளை நம் தலைமுறைகளுக்கு மனப்பாடமாக்கிவிட்டார்கள். தருமிக்காகச் சிரித்திருக்கிறோம், நக்கீரரின் அஞ்சாமையைக் கொண்டாடியிருக்கிறோம். ஆனால் அந்த விவாதத்தில் அரசியிடம் யாரும் ஒரு சொல் கூடக் கேட்பதில்லை. பூ வைத்தாளா, சாந்து பூசினாளா, அகில் புகை காட்டினாளா என்று அவளிடமே கேட்டிருந்தால் அரை நாழிகையில் முடிந்திருக்கும் விஷயம் அது. அவையில் படிக்கப்பட்டதாகச் சொல்லப்படும் பாட்டு குறுந்தொகையில் இரண்டாவதாக இருக்கிறது. அதிலும் தலைவன் கேட்பது தும்பியைத்தான்: நீ அறிந்த பூக்களில் இவள் கூந்தலை விட மணமுள்ளது உண்டா என்று. சங்கப் பாட்டில் குறை காண இதைச் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்குள் காதல் இருக்கிறது, தலைவியும் பக்கத்திலேயே நிற்கிறாள். பாட்டைச் சுற்றிப் பின்னால் எழுந்த கதைதான் என்னை உறுத்துகிறது. அரசன், புலவர், இறைவன் மூவரும் ஒரு பெண்ணின் தலையைப் பற்றி முடிவு சொல்லத் தகுதி பெற்றவர்கள். தலைக்கு உரியவள் மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை.

இருபத்திரண்டு வயதில் முடி கொட்டத் தொடங்கும் பெண்ணைச் சுற்றி இன்றும் அதே அவை கூடுகிறது. உப்புத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மா முடிவு செய்கிறார். கரிசலாங்கண்ணி போட்டுக் காய்ச்சிய எண்ணெயைப் பெரியம்மா கொடுத்தனுப்புகிறார். அழகு நிலையத்தில் ஒரு சிகிச்சையின் பெயர் சொல்கிறார்கள். கல்யாணத்துக்குள் சரியாகிவிடுமா என்று அத்தை கவலைப்படுகிறார். செல்போனைத் திறந்தால் சின்ன வெங்காய எண்ணெய் வந்து நிற்கிறது. எல்லாமே அக்கறையில் வருபவைதான். ஆனால் அவள் தனியாகச் செய்வது வேறு. குளித்து முடித்ததும் குளியலறைச் சல்லடையில் சுருண்டு கிடப்பதை, அடுத்தவர் உள்ளே வருவதற்குள் விரலால் வழித்துக் காகிதத்தில் மடித்துப் போடுகிறாள். வகிட்டை வலப்பக்கம் எடுத்துப் பார்க்கிறாள், இடப்பக்கம் எடுத்துப் பார்க்கிறாள், எதில் தலைத்தோல் குறைவாகத் தெரிகிறது என்று. உச்சி விளக்குக்கு நேர் கீழே உட்கார மாட்டாள். குழுப் புகைப்படத்தில் பின்வரிசைக்குப் போகிறாள், யாரும் மேலிருந்து பார்த்துவிடக் கூடாதென்று. இவை எதுவும் அந்த அவைக்குத் தெரியாது.

கேட்பது வெறும் மரியாதைக்கான விஷயம் என்று யாராவது நினைத்தால், மருத்துவம் அதை மறுக்கிறது. சராசரித் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடிகள் உண்டு. ஒவ்வொன்றும் சில ஆண்டுகள் வளர்ந்து, பிறகு சுமார் மூன்று மாதம் ஓய்வில் இருந்து, அதன்பின் விழும். நாளுக்கு ஐம்பது முதல் நூறு முடி வரை உதிர்வது எல்லோருக்கும் நடப்பது. கடும் காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, பட்டினி போட்டு எடை குறைத்தல், பெரிய மன அதிர்ச்சி போன்றவை வந்தால், வளர வேண்டிய முடிகள் கூட்டமாக ஓய்வுக்குப் போய்விடுகின்றன. அவை கொட்டுவது இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான். டெங்கு வந்து தேறிய பெண் காய்ச்சலை மறந்தே போயிருப்பாள். அப்போதுதான் சீப்பில் கொத்துக் கொத்தாக வரும். அந்த வாரம் மாற்றிய ஷாம்பு மேல் பழி விழும், புதிதாகக் குடிபோன வீட்டின் போர் தண்ணீர் மேல் பழி விழும். உண்மைக் காரணம் நாட்காட்டியில் மூன்று தாள்களுக்குப் பின்னால் இருக்கிறது. அதை அறிந்தவள் அவள் ஒருத்திதான். இந்த வகை உதிர்வு பெரும்பாலும் தானாகவே சில மாதங்களில் அடங்கிவிடும். ஆனால் அதைச் சொல்ல முதலில் அவளிடம் கேட்டிருக்க வேண்டும்.

எல்லாம் தானாக அடங்குவதும் இல்லை. 2019-21இல் எடுக்கப்பட்ட தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. தமிழ்நாட்டில் பாதிக்கும் மேல். இரத்தத்தில் ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் உடலின் இரும்புச் சேமிப்பு வற்றிப்போயிருக்கலாம். ஃபெரிட்டின் பரிசோதனை செய்தால்தான் அது தெரியும். தைராய்டு குறைந்தாலும் கூடினாலும் முடி கொட்டும். மாதவிடாய் தள்ளிப்போய், முகத்தில் ரோமம் வளர்ந்து, உச்சியில் மட்டும் அடர்த்தி குறைந்தால் பிசிஓஎஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முன்நெற்றிக் கோடு அப்படியே இருக்க, வகிடு மட்டும் ஆண்டுக்கு ஆண்டு அகன்றுகொண்டே போவது பெண்களுக்கு வரும் பரம்பரை வழுக்கையின் முகம். இறுக்கிப் பின்னி இழுத்துக் கட்டியே நெற்றியோரம் ஏறிப்போனவர்களும் உண்டு. ஐந்துக்கும் ஒரே எண்ணெய் என்பது ஐந்து பூட்டுக்கு ஒரே சாவி. இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. முடி வளர என்று கடையில் வாங்கி விழுங்கும் பயோட்டின் மாத்திரைகள், தைராய்டு உள்ளிட்ட சில இரத்தப் பரிசோதனைகளின் முடிவையே தவறாகக் காட்டக்கூடும் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் எச்சரித்தது. காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டிய சோதனையை, காரணம் தெரியாமல் சாப்பிட்ட மாத்திரை கெடுக்கிறது. பரிசோதனைக்குப் போகும் பெண்கள் இந்த மாத்திரை சாப்பிடுவதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

இதற்கு முதலில் வரும் மறுப்பு, முடிதானே, உயிரா போய்விட்டது என்பது. சொல்பவர்கள் ஆறுதலாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஒரு பெண்ணின் தலைமுடிக்கு நம் சமூகம் என்ன விலை வைத்திருந்தது என்பதை அந்த ஆறுதல் மறந்துவிடுகிறது. கணவன் இறந்ததும் சிறுமிகளின் தலையைக்கூட மழித்த வழக்கம் இங்கே சில சாதிகளில் இருந்தது. அவளுடைய வாழ்வு முடிந்தது என்று ஊருக்கு அறிவிக்க முடியைத்தான் எடுத்தார்கள். பால்ய விதவையான ஆர்.எஸ். சுப்பலட்சுமியின் தலையை மழிக்கப் பெற்றோர் மறுத்தார்கள், படிக்க வைத்தார்கள். 1911இல் சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் ஆனார் அவர். பின்னாளில் மெரினா எதிரே ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் இளம் விதவைகள் தங்கிப் படிக்க வழி செய்தார். அந்தப் பெற்றோர் முடிதானே என்று நினைத்திருந்தால் அந்த எதிர்ப்பே இல்லை. முடியை எடுத்தால் ஒருத்தியை மனிதர் கணக்கிலிருந்தே எடுத்துவிடலாம் என்று நூற்றாண்டுகளாகச் சொல்லிவந்த ஓர் ஊரில், அது தானாகக் கழன்று வரும்போது ஒரு பெண் பயந்தால், அந்தப் பயத்தை அற்பம் என்று சொல்ல நமக்கு உரிமை கிடையாது.

இன்னொரு மறுப்பு நேர் எதிர்த்திசையிலிருந்து வருகிறது, அதற்கு நான் அதிகம் மதிப்புக் கொடுக்கிறேன். குறை சமூகத்தின் பார்வையில் இருக்கிறது, அவள் தலையில் இல்லை. பிறகு எதற்கு மருந்து, மழித்துவிட்டு நிமிர்ந்து நடக்கட்டும் என்பது அது. அப்படி நடந்தவர்கள் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் தைரியத்தை இன்னொருவருக்கு விதிக்க முடியாது. மழித்துக்கொள் என்று ஒருத்தியிடம் சொல்வதும், மறைத்துக்கொள் என்று சொல்வதும், அவள் தலையைப் பற்றி வெளியிலிருந்து எழுதும் தீர்ப்புகள்தான். தவிர, சிகிச்சை என்பது சரணாகதி என்ற எண்ணம் நோயின் இயல்பையே கணக்கில் எடுப்பதில்லை. புழுவெட்டு புருவத்தையும் இமை முடியையும் கூடக் கொண்டுபோகும். கண்ணில் தூசி விழாமல் காப்பது அந்த இமை முடி. ஆஸ்கர் இரவுக்குப் பிறகு மூன்று மாதம் கூட ஆகவில்லை, 2022 ஜூனில், கடுமையான புழுவெட்டுக்கு உட்கொள்ளும் மருந்தாக பாரிசிட்டினிப் அமெரிக்காவில் முதன்முறையாக அனுமதி பெற்றது. பக்கவிளைவுகள் உள்ள, நிபுணரின் கண்காணிப்பில் மட்டுமே எடுக்க வேண்டிய மருந்து. அறையைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்களில் பத்தில் ஒரு பங்கு இதற்கு ஒதுக்கப்பட்டிருந்தால், எத்தனையோ வீடுகளுக்கு அந்தச் செய்தி போயிருக்கும்.

எண்ணெய்க்காரர்களின் கட்சியையும் கேட்க வேண்டும். மருந்து என்றால் வாழ்நாள் முழுக்கவா என்று கேட்பார்கள். பரம்பரை வழுக்கையைப் பொறுத்தவரை, ஆம், ஏறக்குறைய அப்படித்தான். மினாக்ஸிடில் முதலில் இரத்த அழுத்த மாத்திரையாக வந்தது. சாப்பிட்டவர்களுக்கு உடலெங்கும் ரோமம் வளர்ந்ததைப் பார்த்துத் தலையில் தடவும் மருந்தாக்கினார்கள். அமெரிக்காவில் 1988இல் ஆண்களுக்கும் 1991இல் பெண்களுக்கும் அனுமதி கிடைத்தது. பலன் தெரிய நான்கைந்து மாதமாவது ஆகும். முதல் சில வாரங்களில் உதிர்வு கூடவும் செய்யும். இதை யாரும் சொல்லி வைக்காததால் பயந்து நிறுத்திவிடுபவர்கள் ஏராளம். நிறுத்தினால் வளர்ந்தது போய்விடும். கருவுற்றிருக்கும்போதும் பாலூட்டும்போதும் கூடாது. இவ்வளவையும் கேட்ட பிறகு ஒருத்தி எனக்கு வேண்டாம் என்று சொன்னால் அது நல்ல முடிவு. வேண்டும் என்றாலும் நல்ல முடிவு. தேங்காயெண்ணெய் முடியின் மேல்தண்டை உடையாமல் காக்கும், தலையைப் பிடித்துவிடும் கைக்கு இதம் உண்டு. அதனால் எண்ணெயை விட வேண்டியதில்லை. ஆனால் தோலுக்குள் தழும்பாகி மூடிக்கொண்ட வேரில் மறுபடி முடி வளர்க்க எண்ணெயாலும் முடியாது, மருந்தாலும் முடியாது. அந்த வகை உதிர்வில் எண்ணெயோடு கழியும் ஒவ்வொரு மாதமும் திரும்பி வராத மாதம்.

ஒரு கேள்வி மட்டும் எனக்கு முடிவுக்கு வரவில்லை. முடி வேண்டும் என்று அவள் சொல்லும்போது, சொல்வது அவளா, அவளுக்குள் உட்கார்ந்திருக்கும் ஊரா? பெண்பார்க்க வந்தவர்கள் பின்னலைப் பார்த்ததும், பாட்டி இடுப்புக்குக் கீழே இறங்கிய தன் கூந்தலைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டதும் அந்த ஆசைக்குள் கலந்துதான் இருக்கின்றன. அவற்றைப் பிரித்தெடுத்து, மிச்சமிருப்பதே அவளுடைய சொந்த ஆசை என்று காட்ட என்னால் முடியாது. அவளாலும் முடியுமா என்பது சந்தேகம். ஆனால் அது தெளிவாகும் வரை யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. கலப்படமற்ற ஆசை என்று நம்மில் யாருக்கும் எதுவும் இல்லை. எதைப் படிப்பது, எங்கே வாழ்வது என்பதிலெல்லாம் அதே ஊர் கலந்திருக்கிறது. அதற்காக அந்த முடிவுகளை வேறொருவர் எடுக்கட்டும் என்று நாம் விடுவதில்லை.

உங்கள் வீட்டுப் பெண் ஒருத்திக்கு முடி கொட்டுகிறது என்று தெரிந்தால், எண்ணெயின் பெயரைச் சொல்வதற்கு முன் அவளிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். மூன்று மாதத்துக்கு முன்னால் உனக்கு என்ன ஆயிற்று? இப்போது என்ன செய்யலாம் என்று நீ நினைக்கிறாய்? பிறகு அவள் விரும்பினால் தோல் மருத்துவரிடம் கூடப் போங்கள்.