மிகச் சரியாக இருந்த குற்றம்

ஒரு வேலை மிக நன்றாக இருப்பதே, அதைச் செய்தவனைச் சந்தேகிக்கப் போதுமான காரணமாகுமா? ஆசிரியத் தொழிலில் இருப்பவர்கள் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது.

ஆசிரியர் கலாசாலையில் பயின்ற காலத்தில் சித்திர விரிவுரையாளர் எங்களுக்கு ஒரு படத்தைக் காட்டினார். வலது கையைத் தலைமேல் வைத்து, அப்போதுதான் துயிலெழுந்தவன் போல் நிற்கும் ஓர் இளைஞனின் வெண்கலச் சிலை. பிரெஞ்சுச் சிற்பி ஒகுஸ்த் ரொடான் 1875 இல் பிரசெல்ஸ் நகரில் தொடங்கி 1876 இன் இறுதியில் முடித்த ‘வெண்கல யுகம்’ அது. கிரேக்கக் கவிஞர் ஹெஸியொட் சொன்ன மனித யுகங்களை அதன் பெயர் நினைவூட்டுகிறது. ஒரு காலில் உடற்பாரத்தை இருத்தி மறுகாலைத் தளர்த்தும் நிலையும் கிரேக்கச் சிற்பங்களிலிருந்து வந்ததே. ஆனால், அன்றைய பிரெஞ்சுக் கலைக்கூடத்தார் கிரேக்க மரபென்று விளங்கிக்கொண்டது குறைகள் நீக்கி மழுப்பிய இலட்சிய உடலைத்தான். ரொடானோ ஒரு பெல்ஜியப் படைவீரனை முன்னே நிறுத்தி, சுற்றிச் சுற்றிப் பார்த்து, கண்ட உடலையே களிமண்ணில் வடித்தார்.

1877 இல் பிரசெல்ஸிலும் பின்னர் பாரிஸ் கண்காட்சியிலும் சிலை வைக்கப்பட்டபோது, உயிருள்ள மனிதனின் உடலில் நேரே அச்செடுத்து வார்த்தது இது என்ற சந்தேகம் எழுந்தது.

வெண்கல வேலையில் அச்செடுப்பது குற்றமல்ல. களிமண் உருவிலிருந்து அச்செடுத்தே உலோகத்தை ஊற்றுகிறார்கள். மனித உடலில் அச்செடுத்தால் மட்டும் அது ஏன் ஏமாற்று? முதலாவதில் உடலுக்கும் உலோகத்துக்கும் இடையே ஒருவனின் கண்ணும் கையும் நிற்கின்றன; இரண்டாவதில் அவை இல்லை. ஆயினும் முடிந்த பொருள் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றக்கூடும். பொருளை மட்டும் பார்த்து நேர்மையை அளக்க முடியாது என்பதே இதில் உள்ள சிக்கல்.

ரொடான் அந்தப் படைவீரனின் புகைப்படங்களையும், ஒப்பிட்டுப் பார்க்க அவனுடலில் எடுத்த அச்சுகளையும் முன்வைத்தார். பலனில்லை. மாதிரி எதுவுமின்றி அவர் விரைவாக உருவமைப்பதை அல்ஃபிரட் பூஷே என்ற சிற்பி தற்செயலாகக் கண்டார். அவரும் வேறு சிற்பிகளும் சாட்சி சொன்ன பிறகே பழி நீங்கியது. 1880 இல் பிரெஞ்சு அரசு அச்சிலையை வாங்கியது.

இந்தக் கதையைக் கேட்டு அந்த நடுவர்களின் அறியாமையைப் பார்த்து நாங்கள் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

பல வருடங்களின் பின் எனது வகுப்பில் தரம் எட்டுப் பிள்ளை ஒருவன் தன் வாப்பாவின் முகத்தைக் கீறிக் கொண்டுவந்தான். கண்ணோரச் சுருக்கம்கூடத் தப்பவில்லை. “போட்டோவுக்கு மேல தாள் வெச்சுக் கீறினியா?” என்று கேட்டேன். “இல்ல சேர், நான்தான் கீறின” என்றான். அப்படியானால் இப்போதே கீறிக் காட்டு என்று எல்லோர் முன்னிலையிலும் கரும்பலகைக்கு அழைத்தேன். அவன் கை நடுங்கியது. கோடு கோணியது. வகுப்பு சிரித்தது. நான் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அவன் சித்திரக் கொப்பியையே திறக்கவில்லை. அவன் உண்மையில் என்ன செய்தான் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அதுதான் உறுத்துகிறது.

களவு நடப்பதுண்டு, ஆசிரியன் கண்ணை மூடிக்கொண்டால், உழைத்துக் கீறிய பிள்ளைக்கு அநீதி. ஆகவே சந்தேகிப்பது பிழையல்ல. சந்தேகத்தையே சாட்சியமாக்குவதுதான் பிழை. “நான் களவெடுக்கவில்லை” என்பதை எவராலும் எளிதில் நிரூபிக்க முடியாது. எனவே நிரூபிக்கும் பாரம் குற்றஞ்சாட்டுபவன் தோளிலேயே இருக்க வேண்டும். ரொடானின் திறமை வெளிப்பட்டது விசாரணையில் அல்ல, யாரும் அவரைச் சோதிக்காத நேரத்தில். பயந்த கை எதற்கும் சாட்சியாகாது.

ஒரு பிள்ளைக்கு இவ்வளவுதான் முடியும் என்று நான் போட்டுவைத்த அளவுகோலை அந்தப் படம் மீறியது. எனக்கு வந்த கோபம் களவின் மீதா, அந்த மீறலின் மீதா? இந்தக் கேள்வியை அன்று என்னிடமே கேட்டிருந்தால், அவனைக் கரும்பலகைக்கு அழைத்திருக்க மாட்டேன்.