முகமறியாக் குரலும் பெயரின் கண்ணியமும்

ஒருவருடைய பெயர் யாருக்குச் சொந்தம்? சூட்டிய பெற்றோருக்கா, சுமப்பவருக்கா, கூலி கொடுப்பவருக்கா? சென்னையின் தென்புறத்தில் இது இன்று ஏட்டு வினா அன்று, வீட்டு வினா.

தாம்பரம் சானடோரியத்தில் 1984இல் ஏற்றுமதி வளாகம் எழுந்தது. 2000இல் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. அதன்பின் துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர் வரை கால் சென்டர்களும் பெருகின. இங்கே இரவு எட்டு மணியென்றால் கோடைக்கால நியூயார்க்கில் காலை பத்தரை. ஊர் உறங்கும் வேளையில் பணிக்குச் சென்ற நம் பிள்ளைகள் பலருக்கு மேனாட்டுப் பெயரொன்றும் வழங்கப்பட்டது. ஃபாத்திமா ஃபியோனா ஆனார். செந்தில் சாம் ஆனார். வாடிக்கையாளரின் நாவுக்கு எளிது என்றனர். பேசுபவர் தொலைதூரத்தவர் என்பது தெரியலாகாது என்பதும் உடன்காரணம்.

இது பொய்யாகுமா? ஹதீதுக் கலையில் இதற்கொரு நிறைகோல் உண்டு. தம் ஆசிரியரை எவரும் அறியாத பெயரால் குறிப்பிட்டு, அவர் இன்னாரென்பதை மறைக்கும் அறிவிப்பாளரின் செயலை 'தத்லீஸ்' என்று இமாம்கள் பழித்தனர். பெயர் மாறியதற்காக அன்று. பொறுப்பாளரைத் தேடிக் காணும் வழி அடைபடுவதற்காகவே பழித்தனர். எனவே, பின்தொடர்ந்து வந்து தொல்லை தருவோருக்கு அஞ்சி ஒரு பெண் தம் பெயரை மறைத்து, பணி எண்ணை மட்டும் கூறுவாராயின் அதில் வஞ்சனை இல்லை. பொறுப்பு அந்த எண்ணில் நிற்கிறது. வாடிக்கையாளருக்கு உண்மையான விடை பெறும் உரிமை உண்டு. விடை சொல்பவரின் ஊரையும் குடும்பத்தையும் துருவும் உரிமை இல்லை. ஆனால் ஊழியர் விரும்பாத பெயரை நிறுவனம் சுமத்தி, அவரை வேறு நாட்டவராகக் காட்டுமாயின் அநீதி இருவருக்கும் நேர்கிறது.

'இஸ்ம்' என்னும் அரபுச் சொல்லின் பிறப்புப் பற்றி இலக்கணவாணரிடையே ஒரு வழக்குண்டு. உயர்வைக் குறிக்கும் 'சுமுவ்வு' அதன் வேர் என்பர் பஸராவினர். சூட்டுக்குறியைக் குறிக்கும் 'வஸ்ம்' என்பர் கூஃபாவினர். தாய் தந்தையர் சூட்டும் பெயர் முன்னது. முதலாளி சுமத்தும் பெயர் பின்னது என்று சொல்லத் தோன்றுகிறது.

இனி, அழைப்பவரின் நாவைப் பார்ப்போம். பெண் குரல் கேட்டதும் "விவரம் தெரிந்த ஆணைக் கூப்பிடு" என்பாரும், கூசாமல் ஆபாசம் பேசுவாரும் உளர். மென்குரல் ஆடவரும் திருநங்கையரும் குரலுக்காகவே எள்ளப்படுகின்றனர். இதன் வேர் பழையது. அமெரிக்காவில் தொடக்ககாலத் தொலைபேசி நிலையங்களில் சிறுவர்கள் அமர்ந்திருந்தனர். அவர்களுடைய துடுக்குப் பேச்சு பொறுக்கமாட்டாமல் 1878இல் பாஸ்டன் நகரில் எம்மா நட் என்னும் பெண்மணி அமர்த்தப்பட்டார். இன்சொல் வந்தது நன்றே. ஆயினும் பொறுத்துக்கொள்வது பெண்ணின் ஊதியப் பணி என்ற எண்ணமும் உடன்வந்தது.

ஆனால் ஒருவரை மதிப்பதற்கு அவர் ஆணா பெண்ணா என்று அறிந்தாக வேண்டுமா? ஒருவரைப் பன்மையால் உயர்த்திக் கூறும் வழக்கைத் தொல்காப்பியம் ஒப்புகிறது. அவ்வழக்கில் வந்த 'அவர்', 'நீங்கள்' என்னும் சொற்கள் பால் பார்ப்பதில்லை. முகம் தெரியாதவரிடம் பேச இவற்றினும் ஏற்ற சொற்கள் எவை?

திருமறையின் 49ஆம் அத்தியாயத்துக்கு 'அல்ஹுஜுராத்', அதாவது 'அறைகள்' என்று பெயர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை அறைகளுக்கு வெளியே நின்று கூவியழைத்தோரைக் கண்டிக்கும் அதே அத்தியாயம்தான், பழிப்புப் பெயரால் ஒருவரையொருவர் அழைப்பதையும் விலக்குகிறது. சுவருக்கு அப்பால் இருப்பவரிடம் காட்டவேண்டிய ஒழுக்கத்தையும் பெயரின் கண்ணியத்தையும் அது ஒருங்கே கற்பிக்கிறது. தொலைபேசியும் ஒரு சுவரே.

ஒழுக்கம் தவறும் இடத்தில் சட்டம் துணைநிற்க வேண்டும். பெண்களைப் பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலினின்று காக்கும் நம் நாட்டின் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பணியிடத்தில் தொடர்புகொள்ளும் வெளியாரிடமிருந்து பாதுகாப்பளிப்பதையும் முதலாளியின் கடமையாக்கியுள்ளது. வாடிக்கையாளரின் வசைக்கு ஆளான ஊழியர் பணியைச் சற்று நிறுத்தி இளைப்பாறத் தென்கொரியா 2018இல் வழிசெய்தது. வசை எல்லை மீறினால் எச்சரித்துவிட்டு இணைப்பைத் துண்டிக்கும் உரிமையை இங்குள்ள ஒவ்வொரு நிறுவனமும் தம் ஊழியருக்கு வழங்குதல் வேண்டும்.

நாமும் நாள்தோறும் அழைப்பவர்களே. எரிவாயு உருளை வராதபோதும், வங்கிக் கணக்கில் பிழை நேர்ந்தபோதும் நமக்குச் சினம் எழுவது இயல்பு. அந்தக் குறையைத் தெளிவாக எடுத்துரைப்பது நம் உரிமையுங்கூட. ஆனால் குறைக்குக் காரணமல்லாத ஒருவர்மீது, முகம் தெரியாத துணிவில் அதைக் கொட்டுவது அறமாகாது. எதிர்முனையில் இருப்பவர் எப்பெயர் சொன்னாலும், தம் பெற்றோர் சூட்டிய பெயரோடு விடியலில் தாம்பரத்து வீடு திரும்புபவர் அவர் என்பதை எண்ணிப் பேசுவோமாக.