குட்டு

வகுப்பில் எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவன் ஒருநாள் எழுந்து நின்று தமிழ்ப் பாடம் வாசித்தான். பிழையில்லை, தடங்கலும் இல்லை. ஆனால் அவன் விரித்து வைத்திருந்தது வேறு பக்கம். முன்னால் வாசித்தவர்களிடமிருந்து காதால் வாங்கி முழுவதையும் மனப்பாடம் செய்திருந்தான். சோம்பேறி என்று ஏற்கனவே பெயர் வாங்கியவன். அன்று ஏமாற்றுக்காரனும் ஆனான். சரியாக வாசிக்கிறவன் மற்றவன் தலையில் குட்டவேண்டும் என்பது வகுப்பு வழக்கம். குட்டியது நான்.

'சோம்பேறி' என்பது வர்ணனை அல்ல, தீர்ப்பு. 'உன்னால் முடியும், நீ செய்யவில்லை' என்ற இரண்டு கூற்றுகள் அதில் அடங்கியிருக்கின்றன. இரண்டாவது கண்ணால் கண்டது. முதலாவது வெறும் ஊகம். பேச்சில் சூட்டிகையான பிள்ளையிடம்தான் இந்த ஊகம் வலுக்கிறது. ஆகவே அறிவு கூடக்கூட அவனுடைய குற்றமும் கூடிக்கொண்டு போகிறது.

1896இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கில மருத்துவர், 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் எழுதினார். பெர்சி என்ற தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதியவன். 749ஐ 867ஆல் விரைவாக, சரியாகப் பெருக்கியவன். பாடம் முழுவதும் வாய்மொழியாக நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்பது அவனுடைய ஆசிரியரின் அபிப்பிராயம். மார்கன் இதைப் பிறவியிலேயே வந்த சொற்குருடு என்றார். இன்று டிஸ்லெக்சியா என்கிறோம்.

எழுதுவதுபோல் ஒலிக்கும் மொழிகளில் இந்தத் தொல்லை இல்லை என்று நினைப்பது சௌகரியம். ஆங்கிலம், பிரெஞ்சு, இத்தாலி மொழிக்காரர்களை ஒப்பிட்ட ஆய்வொன்று 2001இல் வெளியானது. டிஸ்லெக்சியா உள்ள இத்தாலியர்கள் மற்றவர்களைவிட நன்றாகவே வாசித்தார்கள். ஆனால் மூளையின் இயக்கத்தில் மூன்று மொழிக்காரர்களிடமும் ஒரே குறைவு. எழுத்து முறை எளிதாவதால் குறை நீங்குவதில்லை, மறைகிறது. அதிலும் தமிழ் அப்படியொன்றும் எளிதில்லை. 'கெ'யில் கொம்பு முன்னால் நிற்க, அதன் ஒலி பின்னால் வருகிறது. 'கொ'வில் ஒரே உயிர் மெய்யின் இருபுறமும் பிரிந்து நிற்கிறது.

எழுத்தை அளவுகோலாக வைத்ததுதான் தவறு, செவிவழிக் கல்வியில் இவனும் புலவனாகியிருப்பான் என்று ஒரு வாதம் உண்டு. பாதி உண்மை. கைநாட்டு வைத்தே நிலத்தை இழந்தவர்களிடம் இதைச் சொல்ல முடியாது. எழுத்து அவனுக்கும் வேண்டும்; அதை அடைய அவனுக்கு வேறு வழியும் கூடுதல் காலமும் வேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் சேர்த்துக்கொண்டது இந்த வகையில் நியாயம்தான். ஆனால் பெயரும் ஒரு தீர்ப்பாகிவிடலாம். 'சோம்பேறி' இருந்த இடத்தில் மருத்துவச் சொல்லை வைத்துவிட்டு, பிள்ளையைப் பார்ப்பதை மறுபடியும் நிறுத்திக்கொள்ளலாம்.

அப்போது எங்களுக்குத் தெரியாது என்பது சமாதானமாகுமா? அவனுக்கு இருந்தது டிஸ்லெக்சியாதானா என்று இப்போதும் எனக்குத் தெரியாது. எங்கள் தவறு அறியாமை அல்ல, நிச்சயம். ஒரு பாடத்தையே காதில் வாங்கி நினைவில் நிறுத்தியவன் சோம்பேறியாக இருக்க முடியாது என்பதற்கான சாட்சியம் கண்ணெதிரே, அவன் வாயிலிருந்தே வந்துகொண்டிருந்தது. 'ஏன்டா வேறு பக்கத்தைப் பார்க்கிறாய்?' என்று கேட்டிருக்கலாம். அதைக் கேட்க எந்த நோயின் பெயரும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.