பிரபாசக் கரையில் எச்சில் பாத்திரங்கள்

(ஹைதராபாத் ஹப்சிகுடாவில் தமிழ் அன்பர்கள் கூடிய ஞாயிறு மாலை சத்சங்கத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன வாரம் கீதையின் பதினாறாவது அத்தியாயத்தில் நிறுத்தியிருந்தோம். இன்று அதைத் தொடர மனம் வரவில்லை. மகாபாரதத்தின் மௌசல பருவத்தைச் சொல்லப்போகிறேன். காரணம், புதன்கிழமை என்னைப் பார்க்க வந்த ஒரு அம்மா.

ஊரிலிருந்து ராத்திரி ரயிலில் வந்திருந்தார். கூடவே மகன். வலது கையில் மாவுக்கட்டு, முழங்கை வரைக்கும். பையன் நாச்சாரம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறான். அவனோடு வேலை செய்கிற இன்னொரு பையனும் நம் தமிழ்நாட்டுக்காரன்தான். இங்கே ஹப்சிகுடாவில் ஒரே அறையில் இரண்டு வருஷம் ஒன்றாகச் சமைத்துச் சாப்பிட்டவர்கள். ஷிப்ட் மாற்றிப் போட்டதில் ஒரு மனத்தாங்கல். ஒருநாள் ராத்திரி வேலை முடிந்து வரும்போது, மெட்ரோ தூணுக்குக் கீழே இருக்கும் டீக்கடை வாசலில் கைகலப்பாகிவிட்டது. இவனுக்குக் கை முறிந்தது. அவனுக்கு முன்பல் உடைந்தது. இப்போது இரண்டு பேருக்கும் சஸ்பென்ஷன், இரண்டு பேர் மேலும் புகார்.

அந்த அம்மா திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார். "சாமி, ஆபீஸுக்குள்ள ஒண்ணும் நடக்கல சாமி. எல்லாம் வெளியிலதான்."

வெளியிலதான். அந்த ஒரு சொல்தான் என்னை மௌசல பருவத்துக்குக் கொண்டுபோனது.

நம்மில் பலருக்கு இந்தப் பருவம் அவ்வளவாகத் தெரியாது. வில்லிபுத்தூரார் பத்துப் பருவத்தோடு பாரதத்தை முடித்துக்கொண்டார். கூத்திலும் துரியோதனன் படுகளத்தோடு விளக்கு அணைந்துவிடும். ஆனால் வியாசர் நிறுத்தவில்லை. போர் முடிந்து 36 ஆண்டுகள் கழித்து நடந்ததையும் எழுதினார். பதினெட்டுப் பருவங்களில் இது பதினாறாவது. மிகச் சிறியது.

யாதவர்களின் ஊர் துவாரகை. ஊருக்குள் யாரும் கள் காய்ச்சக் கூடாது, மீறினால் கடும் தண்டனை என்று முரசு அறைகிறார்கள். எல்லாரும் கட்டுப்படுகிறார்கள். கெட்ட சகுனங்கள் தோன்றுகின்றன. பிறகு பிரபாச தீர்த்தத்துக்கு யாத்திரை கிளம்புகிறார்கள். ஊர் எல்லையைத் தாண்டிக் கடற்கரைக்கு வந்ததும் என்ன நடந்தது? விருந்து, கூத்து, குடி. ஊருக்குள் இருந்த கட்டுப்பாடு கரையில் இல்லை. வெளியில்தானே!

அங்கே இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். சாத்யகி, கிருதவர்மன். இருவரும் யாதவர்கள், ஒரே குலத்துப் படைத் தலைவர்கள். குருக்ஷேத்திரத்தில் சாத்யகி பாண்டவர் பக்கம், கிருதவர்மன் கௌரவர் பக்கம். போர் முடிந்தபின் ஒரே ஊரில் 36 வருஷம் முகம் பார்த்து வாழ்ந்திருக்கிறார்கள். உள்ளே கணக்கு மட்டும் தீரவில்லை.

குடி ஏறியதும் சாத்யகி வாயைத் திறக்கிறான். தூங்குகிறவர்களைக் கொன்ற வீரன் அல்லவா நீ என்கிறான். கௌரவர் பக்கத்து அசுவத்தாமன் இரவில் பாண்டவர் பாசறைக்குள் புகுந்து தூங்குகிறவர்களைக் கொன்றபோது வாசலில் காவல் நின்றவன் கிருதவர்மன். அதைக் குத்திக் காட்டுகிறான். அப்போது பக்கத்தில் இருந்த கிருஷ்ணனின் மகன் பிரத்யும்னன் என்ன செய்தான் தெரியுமா? பலே என்று பாராட்டினான். சாத்யகி சொன்னது சரி என்று உற்சாகப்படுத்தினான்.

கிருதவர்மன் எழுந்திருக்கிறான். வியாசர் இந்த இடத்தில் ஒரு நுட்பம் வைக்கிறார். அவன் இடது கையால் சாத்யகியைச் சுட்டிக் காட்டிப் பேசினான் என்கிறார். சோற்றுக் கை எது, பீச்சாங்கை எது என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கை வெட்டுண்டு, ஆயுதத்தைத் துறந்து உட்கார்ந்திருந்த பூரிசிரவஸைக் கொன்றவன்தானே நீ என்று திருப்பிக் கேட்கிறான்.

இதில் வேதனை என்னவென்றால், இரண்டு பேர் சொன்னதும் உண்மை. பொய் சொல்லியிருந்தால் மறுத்துவிட்டுப் போயிருக்கலாம். உண்மையைச் சொல்லிக் குத்தினார்கள், அதனால்தான் தாங்க முடியவில்லை. சாத்யகி வாளை எடுத்தான். கிருஷ்ணன் கண்ணெதிரிலேயே கிருதவர்மன் தலை விழுந்தது.

அடுத்த நிமிஷம் கிருதவர்மனின் ஆட்கள் சாத்யகியைச் சூழ்ந்துகொண்டார்கள். எதை எடுத்து அடித்தார்கள்? வில்லா, வேலா? இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த எச்சில் பாத்திரங்களை எடுத்து அடித்தார்கள். ஒன்றாக உட்கார்ந்து உண்ட பாத்திரம்! பலே என்று சொன்ன பிரத்யும்னன் காப்பாற்றப் பாய்ந்தான். சாத்யகியோடு அவனும் அங்கேயே அடிபட்டுச் செத்தான். அதற்குப் பிறகு கரையில் முளைத்திருந்த கோரைப்புல்லெல்லாம் உலக்கையாகி, குலமே அழிந்தது.

கிருஷ்ணனின் இன்னொரு மகன் சாம்பன் முனிவர்களைக் கேலி செய்து பெற்ற சாபத்தால் யாதவர் அழிந்தார்கள் என்று சொல்லி இந்தக் கதையை முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அதில் நிறைவில்லை. சாபம் பலித்ததென்னவோ உண்மை, ஆனால் அது உள்ளே நுழைந்த வழியைப் பாருங்கள். தீராத மனக்கணக்கு ஒன்று, குடி ஒன்று, பக்கத்தில் நின்று ஏற்றிவிட்டவன் ஒருவன். அந்தப் பையனிடம் கேட்டேன், டீக்கடையில் வேறு யாராவது இருந்தார்களா என்று. நாலைந்து பேர் இருந்தார்களாம். ஒருவன் செல்போனில் படம் பிடித்தானாம். விடு, நாளைக்குப் பேசிக்கலாம் என்று கையைப் பிடித்து இழுக்க ஒருத்தர்கூட இல்லை.

சரி, வெளியில் நடந்ததற்குக் கம்பெனி கேட்கலாமா? நாட்டின் உயர்ந்த நீதிமன்றமே இதை விசாரித்திருக்கிறது. எர்ணாகுளம் டாடா ஆயில் மில்லில் 1955 நவம்பரில் நடந்தது. சோப்புப் பிரிவில் சார்ஜ்மேனாக இருந்தவரை, ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில், உடன் வேலை செய்கிறவர்கள் இரண்டு பேர் மறித்து அடித்தார்கள். ஊக்கத்தொகைத் திட்டம் ஒன்றை அவர் ஆதரித்தார், இவர்களுக்கு அது பிடிக்கவில்லை. அடித்தவர்களைக் கம்பெனி வேலையை விட்டு நீக்கியது. தொழில் தீர்ப்பாயம் திரும்ப எடுக்கச் சொன்னது. 1964இல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. முழுக்க முழுக்கச் சொந்தத் தகராறாக இருந்தால் அது வேறு, இந்தச் சண்டையின் வேர் வேலையில் இருக்கிறது என்று நீதிபதிகள் சொன்னார்கள். அடி விழுந்த இடத்தை விட்டுவிட்டு, அது முளைத்த இடத்தைத் தேடினார்கள். நம் பெரியவர்கள் சொல்லும் தர்மமும் அதையேதான் தேடுகிறது.

போலீஸ் வழக்கு தனி. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் சாதாரணக் காயத்துக்கு ஓராண்டு வரை சிறை. எலும்போ பல்லோ உடைந்தால் அது கொடுங்காயம், ஏழாண்டு வரை போகலாம். ஒரு பல் அன்பர்களே! கோர்ட்டில் வழக்கு நிற்கிற வரைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் தடங்கல். வெளிநாடு போக வேண்டும் என்று அந்தப் பையன் பணம் சேர்த்துக்கொண்டிருந்தானாம். அம்மா அதைச் சொல்லித்தான் அழுதார்.

பிரபாசத்தில் எல்லாம் முடிந்தபின் அர்ஜுனன் வருகிறான். மிச்சமிருந்த பெண்களையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போகிறான். கிருதவர்மனின் மகனை மார்த்திகாவத நகரில் குடிவைக்கிறான். சாத்யகியின் மகனைச் சரஸ்வதி நதிக்கரையில் குடிவைக்கிறான். அப்பன்மார்கள் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்ட குலத்தில், பிள்ளைகள் வேறு வேறு ஊரில் தகப்பன் இல்லாமல் வளர்ந்தார்கள்.

புதன்கிழமையே அந்தப் பையனிடம் ஒன்று சொல்லி அனுப்பினேன். இடது கை நன்றாகத்தானே இருக்கிறது, போனை எடுத்து அவனைக் கூப்பிடு, வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே, பல் வலி எப்படி இருக்கிறது என்று மட்டும் கேள் என்றேன். கேட்டானா என்று இன்னும் தெரியவில்லை.

இந்த மண்டபத்திலும் வேலை இடத்து மனத்தாங்கலைச் சுமந்துகொண்டு யாராவது உட்கார்ந்திருக்கலாம். நாளை திங்கட்கிழமை. காலை ஷிப்ட் தொடங்குவதற்கு முன்னால், மனத்தாங்கல் யாரோடோ அவர் அறைக்கதவைத் தட்டுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் பிரசாதம் வாங்கிக்கொண்டு என்னிடம் வாருங்கள், நானும் கூட வருகிறேன்.